அயோவா பண்ணையிலிருந்து இங்கிலாந்துக் கிராமம் வரை: ஓர் உழவர் குடும்பத்தின் வேரைத் தேட முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நாலைந்து தலைமுறையாகச் சோளமும் பன்றியும் வளர்க்கும் குடும்பம். முதலில் வந்தவர் இங்கிலாந்துக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலான தேடல்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பெயரையும் ஏறக்குறைய பிறந்த ஆண்டையும் இணையத்தில் தட்டுகிறார்கள், ஏழெட்டு ஜான்கள் வருகிறார்கள், பிடித்த ஜானைக் கொள்ளுத்தாத்தா ஆக்கிவிடுகிறார்கள். அதற்குமேல் 1600 வரை எழுதப்படும் பரம்பரை முழுக்க வேறொரு வீட்டுக்காரர்களுடையது.

இங்கிலாந்துக் கிராமத்தின் பெயர் பெரும்பாலும் இங்கிலாந்தில் கிடைக்காது. அமெரிக்காவில், அந்த மனிதர் விட்டுச்சென்ற காகிதம் ஏதோ ஒன்றில் இருக்கும். அந்தக் காகிதத்துக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் நிலம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம். ஒரே நிலத்துண்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பட்டா இருக்காது. அதனால் பெயரைத் துரத்துவதை ஒத்திவைத்து, நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் இங்கே சொல்லப்படும் முறை. அமெரிக்காவில் சம்பந்தம் வைத்த தமிழ் வீடுகளில், பேரப்பிள்ளையின் பள்ளி வேலைக்காக ஒரு பக்கம் சிவகங்கைச் சீமையும் மறுபக்கம் அயோவாவும் எழுதவேண்டி வருகிறவர்களுக்கும் இதே வழிதான்.

1. வீட்டில் இருப்பதை முதலில் கேளுங்கள்

குடும்பத்தில் வயதில் மூத்தவரிடம் "தாத்தா எந்த ஊர்?" என்று கேட்டால் "இங்கிலாந்து" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். எந்தத் திருச்சபைக்குப் போனார்கள்? எந்தக் கல்லறைத் தோட்டம்? முதல் பண்ணைக்குப் பக்கத்துப் பண்ணை யாருடையது? கடிதம் எங்கிருந்து வரும்? குடும்ப பைபிளின் நடுப்பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதியிருக்கிறதா? பழைய புகைப்படத்தின் பின்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அங்கே அச்சாகியிருக்கும். அது இங்கிலாந்துச் சந்தை ஊராக இருந்தால், சொந்தக் கிராமம் அதிலிருந்து நடை தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பண்ணை இன்னும் குடும்பத்தின் கையில் இருந்தால் 'அப்ஸ்ட்ராக்ட்' எங்கே என்று கேளுங்கள். அயோவாவில் நில விற்பனைக்கு அடிப்படை இந்த ஆவணம்தான். அரசு முதன்முதலாக நிலத்தைக் கொடுத்த நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு கிரயம், அடமானம், உயில், பாகப்பிரிவினை, வழக்கு ஆகியவற்றின் சுருக்கம் வரிசையாக இருக்கும். நம்மூர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்துத் தைத்தது மாதிரி. நீதிமன்றத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து தேடவேண்டியதை இந்த ஒரு கட்டு காட்டிவிடும். ஒரே குடும்பத்தில் நூறாண்டு நிலைத்த பண்ணைகளுக்கு அயோவா அரசு 1976 முதல் 'செஞ்சுரி ஃபார்ம்' அங்கீகாரம் கொடுக்கிறது. குடும்பம் அதற்கு விண்ணப்பித்திருந்தால், யாரிடமிருந்து யாருக்கு நிலம் வந்தது என்ற பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள்: யார் சொன்னது, அவருக்கு அது எப்படித் தெரியும். "அத்தை சொன்னார், அவர் பிறந்தது தாத்தா இறந்து ஒன்பது ஆண்டு கழித்து" என்ற குறிப்பு பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

2. கணக்கெடுப்புகளில் பின்னோக்கி நடப்பது

அமெரிக்கக் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. 72 ஆண்டு கழித்துத்தான் பெயர்களை வெளியிடுவார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரல் 1இல் வெளியானது. அங்கே தொடங்கி 1940, 1930, 1920, 1910, 1900 என்று இறங்குங்கள். ஒரு பத்தாண்டைக்கூடத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1900ஆம் ஆண்டுப் பக்கம் மிகவும் பயனுள்ளது. பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை, அமெரிக்கா வந்த ஆண்டு, குடியுரிமை நிலை எல்லாம் அதில் உண்டு. "பெற்றது ஒன்பது, இருப்பது ஆறு" என்றிருந்தால் மூன்று சிறு கல்லறைகள் எங்கேயோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு இங்கிலாந்திலேயே இருக்கலாம். 1890ஆம் ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் கிடைக்காது. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்து அதைச் சிதைத்துவிட்டது. 1880 முதல்தான் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதினார்கள். 1870, 1860, 1850 பக்கங்களில் ஒரே வீட்டில் இருக்கும் பெண் மனைவியா தங்கையா என்று காகிதம் சொல்லாது, நாமாக முடிவுகட்டிவிடுவோம். இரண்டாம் மனைவியை முதல் பிள்ளைகளின் தாயாக எழுதிவிடும் தவறு இங்கிருந்துதான் வருகிறது.

அயோவாவுக்கென்று ஒரு தனிப் புதையல் உண்டு. அந்த மாநிலம் தானாகவும் கணக்கெடுத்தது: 1856, 1885, 1895, 1915, 1925 ஆண்டுகள் முக்கியமானவை. 1925ஆம் ஆண்டுக் கணக்கில் ஒவ்வொருவரின் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர், அவர்கள் பிறந்த இடம், திருமணம் நடந்த இடம் ஆகியவை கேட்கப்பட்டன. 1870இல் இருபது வயதில் கப்பலேறியவர் 1925இல் எழுபத்தைந்து வயதுக் கிழவராக மகன் வீட்டில் இருந்திருப்பார். அமெரிக்காவுக்கு வரவே வராத அவருடைய இங்கிலாந்துப் பெற்றோரின் பெயர் அந்த வரியில் கிடைத்துவிடும். மூதாதை 1925க்கு முன்பே இறந்துபோயிருந்தால் அவருடைய தம்பி, தங்கை யாராவது உயிரோடு இருந்தார்களா என்று பாருங்கள். பெற்றோர் ஒன்றுதானே!

பிள்ளைகள் பிறந்த இடங்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். இங்கிலாந்து, இங்கிலாந்து, கனடா, அயோவா என்று போனால், குடும்பம் நேராக நியூயார்க்கில் இறங்கவில்லை. 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துப் பங்குகளே (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப் பிரிவுகள்) கடன் வாங்கித் தங்கள் ஏழைகளைக் கப்பலேற்றின. 1835 முதல் 1837 வரை நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களிலிருந்து இது பெருமளவில் நடந்தது, பலர் போனது கனடாவுக்கு. அங்கிருந்து மேற்கே நகர்ந்தவர்கள் உண்டு.

3. நில விவரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அயோவா பத்திரத்தில் நிலம் இப்படி எழுதப்பட்டிருக்கும்: தென்கிழக்குக் கால், செக்ஷன் 14, டவுன்ஷிப் 80 வடக்கு, ரேஞ்ச் 15 மேற்கு, ஐந்தாம் பிரின்சிபல் மெரிடியன். பயமுறுத்தும் தோற்றம்தான், ஆனால் பத்து நிமிடத்தில் பிடிபடும். பிரின்சிபல் மெரிடியன் என்பது அளவைக்கு ஆதாரமான வடக்கு-தெற்குக் கோடு. ரேஞ்ச் எண் அதிலிருந்து மேற்கே எத்தனையாவது வரிசை என்பதைச் சொல்லும். டவுன்ஷிப் என்பது பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள சதுரம். அதற்குள் 36 செக்ஷன். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் கால் 160 ஏக்கர், காலில் கால் 40 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசையில் 7 ஆறுக்கு நேர் கீழே வந்து கிழக்கே திரும்பும். இப்படியே மாறி மாறிச் சென்று 36 தென்கிழக்கு மூலையில் முடியும். எல்லா வரிசையும் இடமிருந்து வலம் என்று நினைத்து வரைபடத்தில் தேடுகிறவர்கள் நாலைந்து மைல் தள்ளி யாரோ ஒருவர் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விவரம் கையில் வந்ததும் மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நில அலுவலகப் பதிவுகள். இணையத்தில் இலவசம். அரசு முதல் ஆளுக்குக் கொடுத்த பட்டாவின், அதாவது பேட்டண்டின், படம் கிடைக்கும். பெயரை வைத்து மட்டும் தேடாமல் செக்ஷன் எண்ணை வைத்தும் தேடுங்கள். சுற்றியுள்ள எட்டு செக்ஷன்களிலும் யார் இருந்தார்கள் என்று பட்டியல் எடுங்கள். ஊரார் சேர்ந்தே குடிபெயர்ந்தார்கள். உங்கள் ஆள் எந்த ஊர் என்று எங்கும் எழுதாமல் போயிருக்கலாம். அடுத்த செக்ஷன்காரரின் கல்லறையில் பொறித்திருப்பார்கள்.

பேட்டண்டைப் படிக்கும்போது மூன்று பொறிகள். அதிலுள்ள தேதி வாஷிங்டனில் காகிதம் தயாரான நாள். நிலம் வாங்கியது அதற்கு ஓரிரு ஆண்டு முன்பேகூட இருக்கும். இரண்டு, அயோவா நிலத்தில் பெரும் பகுதி ராணுவ வாரண்ட் (போர்ச் சேவைக்காகச் சிப்பாய்களுக்கு அரசு கொடுத்த நிலச் சீட்டு) மூலம் கைமாறியது. பேட்டண்டில் ஒரு சிப்பாயின் பெயரும் மெக்சிகோ போரும் குறிப்பிடப்பட்டிருந்தால், உங்கள் மூதாதை போருக்குப் போனார் என்று பொருளில்லை. சிப்பாய்கள் அந்தச் சீட்டுகளை விற்றார்கள், குடியேறிகள் மலிவு விலையில் வாங்கினார்கள். "தாத்தா போர்வீரர்" என்ற எத்தனையோ வீட்டுக் கதைகளின் ஊற்று இந்தச் சீட்டுதான். மூன்று, 16ஆம் செக்ஷன் பள்ளிக்கூடத்துக்காக ஒதுக்கப்பட்டது; அதை விற்றது மாநிலம். ரயில் கம்பெனிக்குக் கொடுத்த நிலத்துக்கும் கம்பெனி பெயரில்தான் ஆவணம் இருக்கும். இவற்றில் உங்கள் ஆளின் பெயர் கூட்டாட்சிப் பதிவில் வராதது இயல்பு.

இரண்டாவது, கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம்) பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்கள். விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை என்று இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். விற்பனைப் பத்திரத்தில் மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவார். அவர் பெயர் அங்கே பதிவாகும். ஒரே கவுண்டியில் இரண்டு வில்லியம்கள் இருந்தால், ஒருவர் மனைவி சாரா, மற்றவர் மனைவி ஹேனா என்று பிரித்துக்கொடுப்பது இந்தக் கையெழுத்துதான். "ஒரு டாலரும் அன்பும் பாசமும் கருதி" என்று விலை எழுதியிருந்தால், வாங்கியவர் பெரும்பாலும் பிள்ளையோ மருமகனோ.

மூன்றாவது, பழைய நிலப்படப் புத்தகங்கள். ஒவ்வொரு வயலிலும் உரிமையாளர் பெயர் அச்சிட்ட கவுண்டி வரைபடங்கள் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன. 1875இல் வந்த ஆண்ட்ரியாஸ் அட்லஸ் அயோவா முழுமைக்குமானது. இரண்டு படங்களுக்கு இடையில் பெயர் மாறியிருந்தால், அந்த இடைவெளியில் ஒரு சாவையோ விற்பனையையோ தேட வேண்டும்.

4. ஹோம்ஸ்டெட் கோப்பு

1862 மே 20இல் கையெழுத்தான ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறிகளுக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் கொடுத்தது. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ, குடிமகனாகவோ குடிமகனாக விருப்பம் தெரிவித்தவராகவோ இருந்தால் போதும். ஐந்தாண்டு குடியிருந்து உழுது காட்ட வேண்டும். அயோவாவின் நல்ல நிலம் பெரும்பாலும் அதற்கு முன்பே கைமாறிவிட்டது. எனவே இந்தக் கோப்பு மாநிலத்தின் வடமேற்கு மூலையிலும், அங்கிருந்து நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் நகர்ந்த தம்பிமாரிடமும்தான் அதிகம் எதிர்பார்க்கத்தக்கது.

கிடைத்தால் விருந்து. ஐந்தாண்டு முடிவில் கொடுத்த வாக்குமூலத்தில் வீட்டின் நீள அகலம், எத்தனை ஜன்னல், கிணறு, தொழுவம், உழுத ஏக்கர், போட்ட பயிர், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்கும். இரண்டு அண்டை வீட்டார் சாட்சி சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமைச் சான்றின் நகலையும் இணைத்தாக வேண்டும். எந்த நீதிமன்றம் என்று அதிலிருந்து தெரிந்துவிடும். வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படிவம் 84 மூலம் நகல் கேட்கலாம். மாநிலம், நில அலுவலகம், நில விவரம், பேட்டண்ட் எண் நான்கும் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு தாக்குப்பிடிக்காமல் விட்டுப்போனவர்களுக்கும் கோப்பு உண்டு. பேட்டண்ட் இல்லாததால் இணையத் தேடலில் வராது. 'டிராக்ட் புக்' எனப்படும் பதிவேட்டில் வரி வரியாகத் தேடி எண்ணை எடுக்க வேண்டும்.

5. பண்ணை எப்படி இருந்தது?

1850, 1860, 1870, 1880 ஆண்டுகளில் விவசாயத்துக்குத் தனிக் கணக்கு எடுத்தார்கள். உழுத ஏக்கர், உழாத ஏக்கர், பண்ணையின் மதிப்பு, குதிரை, கறவை மாடு, உழவு எருது, பன்றி, கோதுமையும் சோளமும் ஓட்ஸும் எத்தனை புஷல், வெண்ணெய் எத்தனை பவுண்டு என்று நீளும். 1880இல் சொந்த நிலமா, பணக் குத்தகையா, வாரமா என்பதும், கொடுத்த கூலியும் உண்டு. 1860இல் நான்கு எருது, 1870இல் நான்கு குதிரை என்றால் பண்ணை நிமிர்ந்துவிட்டது என்று ஒரு வரியில் தெரியும். எருது மலிவு, புல் தின்றே புது மண்ணைப் பிளக்கும். குதிரைக்கு ஓட்ஸ் போட வேண்டும்.

மக்கள்தொகைப் பக்கத்தையும் விவசாயப் பக்கத்தையும் ஒரே அதிகாரி ஒரே சுற்றில் எழுதினார். எனவே விவசாயி என்று குறிக்கப்பட்டவர் விவசாயக் கணக்கில் இல்லையென்றால், அவர் யாரோ ஒருவர் பண்ணையில் கூலிக்கோ அப்பாவுடன் கூட்டாகவோ இருந்திருப்பார், அல்லது பண்ணை மிகச் சிறியதாக இருந்திருக்கும். 1890, 1900, 1910 ஆண்டுகளின் விவசாயத் தாள்கள் மிஞ்சவில்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

6. கிராமத்தின் பெயர் எங்கே ஒளிந்திருக்கும்

பலன் தரும் வரிசையில் சொன்னால்: உள்ளூர்ப் பத்திரிகை இரங்கல் குறிப்பு, திருச்சபை உறுப்பினர் பதிவு, கல்லறை, கவுண்டி வரலாற்றுப் புத்தகம், உயில் மற்றும் சொத்து நிர்வாகக் கோப்பு, குடியுரிமை ஆவணம்.

இரங்கல் குறிப்பை ஒரு பத்திரிகையில் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். அவர் இறந்தது ஓய்வுபெற்றுக் குடியேறிய ஊரில். பண்ணை இருந்த ஊர்ப் பத்திரிகையில் வேறொன்று நீளமாக வந்திருக்கும். மெத்தடிஸ்ட் குடும்பமாக இருந்தால் அந்தச் சபையின் வார இதழ்களையும் பாருங்கள். கவுண்டி வரலாறுகளில் வரும் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் சந்தா கட்டியவர்களே சொல்லி எழுதியவை. ஊர்ப் பெயரை நம்பலாம், பரம்பரைப் பெருமையை நம்ப வேண்டாம்.

பிள்ளை இல்லாமல் இறந்த அண்ணன் தம்பிகளின் சொத்துக் கோப்பு தங்கச் சுரங்கம். வாரிசு பட்டியலில் இங்கிலாந்தில் இருக்கும் உடன்பிறந்தார் முகவரியோடு வருவார்கள். ஆனால் நேர் மூதாதையின் உயிலை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம்.

குடியுரிமை ஆவணத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1906 செப்டம்பருக்கு முன் எந்த நீதிமன்றத்திலும் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் விக்டோரியா மகாராணிக்கு விசுவாசத்தைத் துறக்கிறேன் என்பதோடு முடிந்துவிடும். அதிலுள்ள கையெழுத்து மட்டும் பயன்படும், அதுவும் மூல ஆவணமாக இருந்தால். எழுத்தர் படியெடுத்த பதிவேட்டில் இருப்பது எழுத்தரின் கை. 1922 வரை திருமணமான பெண்களுக்குத் தனி ஆவணம் பொதுவாக இராது, கணவரோடு சேர்ந்தே குடியுரிமை வந்தது.

கப்பல் பட்டியலைப் பலர் முதலில் தேடுகிறார்கள். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1820 முதல் பட்டியல்கள் உண்டு, ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் பெயர், வயது, தொழில், "இங்கிலாந்து" என்பதற்குமேல் ஒன்றும் இராது. இங்கிலாந்திலிருந்து புறப்பட்டவர் பட்டியல் 1890 முதல்தான் மிஞ்சியிருக்கிறது. 1855 முதல் 1890 வரை நியூயார்க் வந்தவர்கள் இறங்கியது காசில் கார்டனில். எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1இல்தான் திறந்தது. எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையையும் ஒதுக்குங்கள். பட்டியல் எழுதப்பட்டது கப்பல் ஏறும் பக்கத்தில்.

7. கடல் தாண்டுவதற்கு முன் ஒரு தாள்

ஒரே தாளில் எழுதுங்கள்: பெயரும் அதன் எழுத்து வேறுபாடுகளும், பிறந்த ஆண்டு வரம்பு, மனைவி பெயர், கப்பலேறுமுன் பிறந்த பிள்ளைகள், உடன்பிறந்தார், பெற்றோர் பெயர் ஏதாவது, சபை, மாவட்டம் அல்லது ஊர். இவற்றில் குறைந்தது நான்கேனும் நிரம்பாமல் இங்கிலாந்துப் பதிவுகளைத் திறக்க வேண்டாம்.

எழுத்து வேறுபாட்டுக்கு ஒரு குறிப்பு. இங்கிலாந்தின் பல வட்டாரங்களில் சொல்லின் முதலில் வரும் 'ஹ' ஒலியை விழுங்கிவிடுவார்கள். ஹாலம் 'ஆலம்' என்றும், ஹோல்ட் 'ஓல்ட்' என்றும் எழுத்தர் காதில் விழும். அகரவரிசையில் அது வேறு பக்கத்தில் போய்க் கிடக்கும்.

"லிங்கன்ஷயரில் பிறந்தவர்" என்பது போதாது, அது பெரிய மாவட்டம். இரங்கல் குறிப்பில் சொன்ன ஊரும் பல சமயம் கிராமமாக இராது, அருகிலிருந்த பெரிய ஊராக இருக்கும். வெளியூரில் கேட்டால் தெரிந்த ஊரைத்தானே சொல்வார்கள்! அந்த ஊரை நடுவில் வைத்துப் பத்து மைல் வட்டத்திலுள்ள எல்லாப் பங்குகளையும் பட்டியலிடுங்கள்.

8. இங்கிலாந்தில் ஆளை உறுதிப்படுத்துவது

குடிமைப் பதிவு, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவது, 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதலே பிறப்புக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும், இறப்புக்கு வயதும் இருக்கின்றன. பழைய அச்சு அட்டவணையில் தாயின் பெயர் 1911க்குப் பிறகுதான். எனவே இரண்டில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். 1875க்கு முன் பிறப்பைப் பதிவது பெற்றோரின் கட்டாயக் கடமை அல்ல என்பதால் கொஞ்சம் பிள்ளைகள் விடுபட்டிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடுங்கள். ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் செய்த வீடுகளும் உண்டு.

கணக்கெடுப்பில் 1841ஆம் ஆண்டுக்குத் தனி எச்சரிக்கை: 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 30 என்றிருந்தால் 30 முதல் 34 வரை எதுவும் இருக்கலாம். உறவும் எழுதவில்லை, பிறந்த இடம் அதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும். 1851 முதல் பிறந்த பங்கின் பெயர் கிடைக்கும்.

இனிதான் முக்கியமான சோதனை. உங்கள் ஜானுக்குப் பொருந்தும் ஞானஸ்நானம் கிடைத்துவிட்டது, 1824 என்று வைத்துக்கொள்வோம். உடனே குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள். அதே பங்கின் அடக்கப் பதிவேட்டை 1824 முதல் பதினைந்து ஆண்டுக்குப் படியுங்கள். அந்த ஜான் இரண்டு வயதில் இறந்திருந்தால் ஆட்டம் முடிந்தது. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது சாதாரணம் என்பதால், 1827இல் இன்னொரு ஜான் வருகிறானா என்றும் பாருங்கள். பிறகு, உங்கள் ஆள் கப்பலேறிய பின் எடுத்த இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் அந்த 1824 ஜான் அங்கேயே குடியிருக்கிறானா என்று தேடுங்கள். 1861இல் மனைவி மக்களோடு அதே ஊரில் இருந்தால், 1855இல் அயோவாவில் நிலம் வாங்கியவர் அவரல்ல. கிடைத்த ஒவ்வொரு போட்டியாளரையும் இப்படி விலக்கிக் கடைசியில் மிஞ்சுகிறவரைத்தான் ஏற்க வேண்டும். இணையத்தில் முப்பது மரங்களில் ஒரே தகவல் இருப்பது முப்பது சாட்சி அல்ல. ஒருவர் எழுதியதை இருபத்தொன்பது பேர் நகலெடுத்தது.

கப்பலேறுமுன் திருமணம் ஆகியிருந்தால் அந்தப் பதிவு கட்டாயம். 1837க்குப் பிறகு இரு தரப்பிலும் தந்தையின் பெயரும் தொழிலும் உண்டு. 1754 முதலே மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்தோ பெருக்கல் குறியோ இட்டார்கள். கையெழுத்து இருந்தால் அமெரிக்க மூல ஆவணத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபையில்தான் மணமுடிக்க வேண்டியிருந்தது. மெத்தடிஸ்ட் வீட்டுத் திருமணத்தையும் அங்கேயே தேடுங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானத்தை மட்டும் சிற்றாலயப் பதிவேட்டில்.

சகோதரர்களில் ஒருவர் திடீரென மறைந்துபோனால் அமெரிக்காவை மட்டும் நினைக்காதீர்கள். வேலையில்லா உழவர் வீட்டுப் பையன்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் எடுத்துக்கொண்டது. சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய திருச்சபைப் பிரதிகள் 1698 முதல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

9. மூதாதை விவசாயியா, கூலியா?

அமெரிக்காவில் 160 ஏக்கர் வைத்திருந்தவர் இங்கிலாந்திலும் நிலப்பிரபுவாக இருந்திருப்பார் என்ற நினைப்பு வீடுதோறும் உண்டு. 1851 கணக்கெடுப்பில் 160 ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவரே பல கூலிகளை வைத்து வேலை வாங்கும் பெரிய விவசாயி. கப்பலேறியவர்களில் ஏராளமானோர் அந்தக் கூலிகள். கணக்கெடுப்பில் 'ஏஜி லேப்' என்ற சுருக்கம் விவசாயக் கூலியைக் குறிக்கும். 'ஃபார்மர்' என்றிருந்தால் 1851 முதல் 1881 வரை ஏக்கரும் ஆள் எண்ணிக்கையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். 1850 வாக்கில் தென் மாவட்டங்களில் வாரக் கூலி எட்டரை ஷில்லிங் சுற்றில் நின்றது. சுரங்கமும் ஆலையும் ஆளுக்குப் போட்டியிட்ட வடக்கில் பதினொன்றரை. 1872இல் ஜோசப் ஆர்ச் தலைமையில் தொடங்கிய விவசாயக் கூலிகள் சங்கம் குடிபெயர்வுக்கே உதவிசெய்தது. 1870களில் உங்கள் குடும்பம் கிளம்பியிருந்தால் அந்தப் பின்னணியையும் பாருங்கள்.

எந்த வயலில் நின்று உழைத்தார்கள் என்று காட்டுவது தசமபாக வரைபடம். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருச்சபைக்குக் கொடுத்த விளைச்சல் பங்கைப் பணமாக மாற்ற ஊர் ஊராக அளந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண், உரிமையாளர், அனுபவிப்பவர், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா, பரப்பு எல்லாம் அட்டவணையில் உண்டு. பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று பத்தியில் வரும்: 4 ரூட் ஓர் ஏக்கர், 160 பெர்ச் ஓர் ஏக்கர். 3-2-15 என்றால் 3.59 ஏக்கர். தசமப் புள்ளி என்று நினைத்து 3.215 என எழுதியவர்கள் உண்டு. கூலிக்காரர் வயலுக்கு எதிரே வரமாட்டார். "குடிசையும் தோட்டமும்" என்ற வரியில் தேடுங்கள். மத்திய இங்கிலாந்தில் பல ஊர்களுக்கு இந்த வரைபடமே கிடையாது. பொதுநிலத்தை வேலியிட்டுப் பிரித்தபோதே அங்கே தசமபாகத்தைத் தீர்த்துவிட்டார்கள். அங்கே நிலப் பிரிப்புத் தீர்ப்பாணையைக் கேட்க வேண்டும்.

ஏழைகளைப் பற்றி மிக விரிவாகப் பேசும் ஆவணம் பங்கின் குடியிருப்பு உரிமை விசாரணை. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவருக்கு உதவ வேண்டியது எந்தப் பங்கு என்று முடிவுசெய்ய, அவரை நிறுத்தி வைத்து வாழ்க்கையையே கேட்டு எழுதினார்கள்: எங்கே பிறந்தார், எந்த வயதில் எந்த விவசாயியிடம் ஓராண்டு வேலைக்குச் சேர்ந்தார், கூலி எவ்வளவு, எங்கே மணமுடித்தார். பணக்கார விவசாயியைவிட ஏழைக் கூலியின் வரலாறு சில ஊர்களில் தெளிவாகக் கிடைப்பதற்கு இதுதான் காரணம். மாவட்ட ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் 'செட்டில்மென்ட் எக்ஸாமினேஷன்' என்று தேடுங்கள்.

10. 1750க்கு மேலே ஏறினால்

1813க்கு முந்தைய பதிவேடுகளில் தந்தையின் தொழில் பெரும்பாலும் இராது. அச்சிட்ட படிவம் அப்போதுதான் வந்தது. பதிவேடு செல்லரித்திருந்தால் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய படிகளைக் கேளுங்கள். 1752 வரை புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது; 1720 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1721. இதைக் கவனிக்காவிட்டால், திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும். மேனர் (நிலப்பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலம்) நீதிமன்றச் சுருள்கள் 1733 வரை லத்தீனில் இருக்கும், ஆனால் நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனதை அவைபோல வேறு எதுவும் சொல்லாது. கூலிக் குடும்பத்துக்கு இந்தக் கட்டத்தில் கயிறு அறுந்துபோவது சகஜம். அறுந்த இடத்தில் "இதற்குமேல் ஆதாரம் இல்லை" என்று எழுதி நிறுத்துங்கள்.

11. எழுதி வைப்பது

நிலத்தைத் தலைப்பாக்கி எழுதுங்கள்: இந்தக் கால் செக்ஷன், இந்த ஆண்டு, இன்னார் கையில். அதன் கீழே மனிதர்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆவணத்தின் பெயர், தேதி, பக்க எண், எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. உறுதியானது, வாய்ப்புள்ளது, செவிவழி என்று மூன்று நிறத்தில் பிரித்தால் அடுத்த தலைமுறை குழம்பாது. டி.என்.ஏ. சோதனை செய்வதாக இருந்தால் குடும்பத்தின் மூத்தவரை முதலில் செய்யச் சொல்லுங்கள். நான்காம் தலைமுறைப் பங்காளிகளுக்குள் பொதுத் துண்டு எதுவும் இல்லாமலே போகலாம் என்பதால், பொருத்தம் வராதது உறவை மறுக்காது. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஆகியவற்றை இணைய மரத்தில் போட வேண்டாம். வங்கிகள் கேட்கும் ரகசியக் கேள்விகளே அவைதான். முடித்த பிரதியில் ஒன்றைப் பண்ணை இருக்கும் கவுண்டியின் நூலகத்துக்கும், இன்னொன்றை இங்கிலாந்து மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்புங்கள். முதல் பக்கத்தில் நில விவரமும் பங்கின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அட்டவணை போடுகிறவர் அதை வைத்துத்தான் பதிவார்.